சொன்ன வாரத்தில் சொன்ன வேலை

பூச்சு முடிந்து, பட்டி பார்த்து, பிரைமரும் அடித்த சுவரை மறுநாள் காலை ஒருவர் கட்டிங் மெஷினோடு வந்து அறுத்துக்கொண்டிருப்பார். வீடு கட்டியவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகப் பழக்கம். ஏசிக்கான காப்பர் பைப் அந்தச் சுவர் வழியாகப் போக வேண்டுமாம். ஏசி எங்கே வரும் என்பதை வீட்டுக்காரர் முந்தின நாள் சாயந்திரம்தான் முடிவு செய்திருக்கிறார். பூச்சுக்காரர் மேல் தப்பில்லை, ஏசி மெக்கானிக் மேலும் தப்பில்லை. இரண்டு பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். கோளாறு நடந்தது இரண்டு வேலைகளுக்கும் நடுவில்.

இந்த நடு இடத்தைக் கட்டுமானத் திட்டமிடல் நெடுங்காலம் கண்டுகொள்ளவே இல்லை. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்துக்காக உருவான ‘கிரிட்டிகல் பாத்’ முறைதான் இன்றுவரை பெரிய திட்டங்களின் அட்டவணைக்கு அடிப்படை. அதன் இன்றைய வடிவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் இத்தனை நாள் என்ற எண், ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு கோடு. காகிதத்தில் கோட்டுக்கு நீளமே கிடையாது. முதல் வேலை முடிந்த நொடியில் அடுத்தது தொடங்கிவிடும். சைட்டில் அப்படியா நடக்கிறது? சாரம் பிரிக்கவில்லை, குப்பை அள்ளவில்லை, டிராயிங் வரவில்லை, வந்த கம்பி வேறு அளவு. நாட்கள் தொலைவது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான்.

இதை முதலில் கறாராக எழுதியவர் லௌரி கோஸ்கேலா என்ற பின்லாந்து ஆய்வாளர். 1992இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர் எழுதிய ஓர் அறிக்கை, டொயோட்டா கார் தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த உற்பத்தி முறையைக் கட்டடத் தொழிலோடு ஒப்பிட்டது. கோஸ்கேலாவின் குற்றச்சாட்டு சுருக்கமானது. கட்டடத் துறை எல்லாவற்றையும் ‘மாற்றம்’ என்றே பார்க்கிறது: செங்கல்லும் கலவையும் போனால் சுவர் வரும், கம்பியும் கான்கிரீட்டும் போனால் தூண் வரும். ஆனால் ஒரு பொருளின் கதையில் மாற்றம் என்பது சிறு பகுதிதான். மீதி எல்லாம் காத்திருப்பது, இடம் மாறுவது, பரிசோதனைக்கு நிற்பது, சரியில்லை என்று திரும்பச் செய்வது. இவை நேரத்தையும் பணத்தையும் தின்னும். வீட்டுக்காரருக்கு இவற்றால் ஒரு பைசா பயனில்லை. கார் தொழிற்சாலை இந்தப் பகுதியைச் செதுக்கித்தான் முன்னேறியது. கட்டடத் துறையோ கொத்தனாரின் கையை வேகப்படுத்துவதிலேயே குறியாக இருந்தது. 2017இல் மெக்கின்சி வெளியிட்ட அறிக்கை, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் உலக அளவில் கட்டுமானத் தொழிலாளர் உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 1 சதவீதமே வளர்ந்தது என்றது. உலகப் பொருளாதாரம் முழுவதற்கும் அந்த எண் 2.8.

“அது தொழிற்சாலை சார். கூரைக்குக் கீழே ஒரே காரைத் திரும்பத் திரும்பச் செய்கிறான். இங்கே ஒவ்வொரு சைட்டும் வேறு, மண் வேறு, ஆள் வேறு, நடுவில் மழை வேறு.” எந்த ஒப்பந்ததாரரிடம் பேசினாலும் இதுதான் முதல் பதிலாக வரும். அவர் சொல்வது உண்மை. ஆனால் ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்கு வேலை போகும் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அதிலிருந்து முடிவுகட்டுவதுதான் தவறு. நிச்சயமின்மை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அதிகமாகக் கவலைப்பட வேண்டும். ஏன் என்பதற்குப் பகடை போதும்.

1990களின் கடைசியில் ஐரிஸ் டோமெலைன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் வகுப்பறைக்காக ‘பரேட் கேம்’ என்ற விளையாட்டை எழுதி வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி ஏழு பேர். ஏழு வேலைக் குழுக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கான்கிரீட், செங்கல், வயரிங், பிளம்பிங், பூச்சு, தளம், பெயிண்ட். ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு முறை பகடை உருட்டுவார்கள். விழுந்த எண் அவர்களால் அந்த வாரம் செய்ய முடிந்த வேலை. ஒரே ஒரு நிபந்தனை: முன்னால் இருப்பவர் முடித்துக் கொடுத்ததை மட்டுமே தொடலாம். ஆறு விழுந்தாலும், முன்னவர் இரண்டுதான் தந்திருந்தால் இரண்டுதான்.

சாதாரணப் பகடையின் சராசரி 3.5. எல்லோருடைய பகடையும் அதேதான். யாரும் சோம்பேறி இல்லை. கையில் இருப்பு ஏதுமில்லாத முதல் சுற்றை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் குழு சராசரியாக 3.5 முடிக்கிறது. இரண்டாம் குழுவுக்குக் கிடைப்பது இரண்டு பகடைகளில் எது சிறியதோ அது. 36 சேர்க்கைகளையும் கூட்டி வகுத்தால் 2.53. மூன்றாம் குழுவில் 2.04. ஏழாவதாக நிற்கும் பெயிண்டருக்கு 1.35. அவருடைய திறமை ஒரு துளி குறையவில்லை, வேலை மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இப்போது பகடையை மாற்றுங்கள். மூன்று பக்கங்களில் 3, மூன்று பக்கங்களில் 4. சராசரி அதே 3.5. ஆனால் இந்தமுறை ஏழாவது குழுவுக்கும் மூன்றுக்குக் குறையாமல் வேலை வந்து சேரும்.

அடுத்தடுத்த வாரங்களில் குழுக்களுக்கு நடுவே அரைகுறை வேலை குவிவதால் இந்தச் சரிவு ஓரளவு ஈடாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குவிந்து கிடக்கும் அரைகுறை வேலை சும்மா கிடைப்பதல்ல. செங்கல் வேலை முடிந்து பூச்சுக்காகக் காத்திருக்கும் நான்கு மாடி என்பது வட்டி ஓடிக்கொண்டிருக்கும் பணம்.

தாமதமாகும் திட்டத்தில் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஆள் கூட்டுகிறோம், நைட் ஷிஃப்ட் போடுகிறோம், சத்தம் போடுகிறோம். எங்கோ ஒரு குழுவின் சராசரி 3.5லிருந்து 4.5 ஆகிறது; அடுத்த குழு தயாராக இல்லாததால் அந்த உபரி குவியலில் போய்ச் சேர்கிறது. லேபர் கான்ட்ராக்டரின் பக்கமும் பார்க்க வேண்டும். அழைத்த தேதியில் போனால் சைட் தயாராக இருப்பதில்லை என்று அனுபவத்தில் கற்றவர் அவர். அதனால் ஒரே வாரத்துக்கு மூன்று சைட்டில் ‘வருகிறேன்’ என்று சொல்லி வைக்கிறார். மூன்றும் தயாராகிவிட்டால் யார் அதிகம் கத்துகிறார்களோ அங்கே ஆள் போகும். அவரைப் பொய்யர் என்று திட்டுவது எளிது. அவருடைய நிலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஒருவரின் நிச்சயமின்மைக்கு அவர் போட்டுக்கொள்ளும் காப்பீடு இன்னொருவரின் நிச்சயமின்மையாகிறது.

இந்த முடிச்சில் கை வைத்தவர்கள் கிளென் பல்லார்ட், கிரெக் ஹவல் என்ற இரு அமெரிக்கர்கள். அவர்கள் செய்த முதல் காரியம் ஓர் எளிய அளவை. இந்த வாரம் முடிப்போம் என்று வாரத் திட்டத்தில் எழுதிய வேலைகளில் வாரக் கடைசியில் எத்தனை முடிந்தன? ஆரம்பத்தில் பல சைட்டுகளில் எடுத்த அளவீடுகளின் சராசரி 54 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஓர் ஆண்டு அட்டவணை தவறுவதைப் புரிந்துகொள்ளலாம். அடுத்த ஐந்து நாட்களுக்குச் சொன்னதில் பாதி தவறுகிறது என்பது வேறு விஷயம். இவர்கள் உருவாக்கிய ‘லாஸ்ட் பிளானர்’ முறையில் வார வாக்கைத் தருபவர் திட்ட மேலாளர் இல்லை. வேலையைச் செய்விக்கப்போகும் மேஸ்திரி, ஃபோர்மேன், சூப்பர்வைசர். ‘இந்த வாரம் முடியாது’ என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. என் கணிப்பில் இந்த முறையின் உயிர் இந்த உரிமையில்தான் இருக்கிறது. முடியாது என்று சொல்ல முடியாதவர் சொல்லும் ‘முடியும்’ என்பதற்கு என்ன மதிப்பு?

கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு கட்டத்தின் முடிவுத் தேதியை வைத்துக்கொண்டு எல்லாக் குழுக்களும் ஒரே அறையில் கூடிப் பின்னாலிருந்து முன்னால் திட்டமிடுகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறத்தில் ஒட்டுத்தாள். ‘எனக்கு இது வேண்டும், இன்ன தேதிக்குள்’ என்று பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரிடம் கேட்கிறார். பிறகு ஆறு வாரம் முன்னோக்கிப் பார்த்து ஒவ்வொரு வேலைக்கும் தடை என்ன என்று தேடுகிறார்கள். உதாரணமாக ஒரு சீட்டு: மூன்றாம் மாடி, கிழக்குப் பக்கக் குளியலறைகள், தரை டைல்ஸ். கேட்க வேண்டியவை: சங்கன் ஸ்லாபில் வாட்டர்புரூஃபிங் முடிந்து தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்தாயிற்றா? பைப்புக்குப் பிரஷர் டெஸ்ட் ஆயிற்றா? வீட்டுக்காரர் டைல்ஸ் நிறம் முடிவு செய்தாரா, அல்லது சாம்பிள் இன்னும் அவர் கார் டிக்கியில் இருக்கிறதா? டைல்ஸ் சைட்டுக்கு வந்தால் எந்த லிஃப்டில் மேலே போகும், அதே நேரத்தில் சிமென்ட் மூட்டை ஏறுமா? டிரெயின் மூடியின் அளவு டிராயிங்கில் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் பதில் ‘ஆயிற்று’ என்றால்தான் அந்தச் சீட்டு வாரத் திட்டத்துக்குள் நுழையலாம்.

இவ்வளவு நச்சரிப்பு எதற்கு என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வேலை தொடங்க ஏழு வகை முன்தேவைகள் வேண்டும் என்று கோஸ்கேலா பட்டியலிட்டார்: வரைபடம், பொருள், ஆள், கருவி, இடம், முந்தைய வேலை, வெளிச் சூழல். ஒவ்வொன்றும் 95 சதவீதம் உறுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது பெரிய வரம். ஏழும் ஒரே நாளில் கூடிவர வாய்ப்பு 0.95ஐ ஏழு முறை பெருக்கினால் கிடைக்கும் 70 சதவீதம். யாரும் எந்தத் தவறும் செய்யாமலே பத்தில் மூன்று வேலைகள் தடுக்கி விழும். இப்படித் தடுக்கும்போது ஆட்கள் சும்மா நிற்பதில்லை என்பது இன்னும் கெடுதல். இருப்பதை வைத்து எதையாவது தொடங்கிவிடுவார்கள். டிரெயின் மூடி இல்லாமல் டைல்ஸ் ஒட்டிவிட்டு, வந்த பிறகு உடைத்து வைப்பார்கள். இந்த ‘இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதை’ தனி வகை விரயமாக கோஸ்கேலா பின்னாளில் சேர்த்தார். நம் ஊரில் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர்.

வாரக் கடைசிக் கணக்கில் இரக்கம் கிடையாது. முடிந்தால் ஒன்று, முடியாவிட்டால் பூஜ்யம். ‘தொண்ணூறு பர்சென்ட் ஆயிடுச்சு’ என்பதும் பூஜ்யம்தான், ஏனென்றால் மீதிப் பத்துக்காகத்தான் அடுத்த குழு வாசலில் நிற்கிறது. முடியாததற்குக் காரணம் எழுதப்படும். சில மாதங்களில் அந்தக் காரணப் பட்டியலே ஒரு வரைபடமாகிவிடும். ‘ஆள் வரவில்லை’ என்பதுதான் முதலிடத்தில் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். முந்தைய வேலை முடியவில்லை, தகவல் வரவில்லை, பொருள் வரவில்லை என்பவை அதற்குச் சளைக்காமல் மேலே நிற்கும்.

பலன் உண்டா? மின் லியூ, பல்லார்ட், வில்லியம் இப்ஸ் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒரு குழாய் பொருத்தும் திட்டத்தின் வாரவாரித் தரவுகளை அலசியது. சொன்ன வேலைகளில் முடிந்தவற்றின் சதவீதம் உயர்ந்த வாரங்களில் தொழிலாளர் உற்பத்தித்திறனும் உயர்ந்திருந்தது. வாரத்தில் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், எவ்வளவு வேலைச்சுமை என்பவற்றோடு அப்படிப்பட்ட தொடர்பு தென்படவில்லை. பகடைக் கணக்கு சொன்னதும் அதுதான். ஆனால் இது ஒரு திட்டத்தின் தரவு. இந்தத் துறையின் சான்றுகளில் பெரும்பகுதி இப்படித் தனித்தனித் திட்டங்களின் கதைகள். அதுவும் வெற்றி பெற்றவர்கள் எழுதிய கதைகள். புது முறையை முயன்று பார்க்கத் துணியும் நிறுவனம் ஏற்கெனவே ஒழுங்கான நிறுவனமாக இருக்கக்கூடும். மருந்து ஆராய்ச்சியில் செய்வதுபோல ஒரே மருத்துவமனையை இரண்டு விதமாகக் கட்டிப் பார்க்க யாரும் பணம் தரமாட்டார்கள். ஆகவே இத்தனை சதவீதம் மிச்சம் என்று அடித்துச் சொல்லும் ஆலோசகர்களிடம் கொஞ்சம் எட்டி நிற்பது நல்லது. சதவீதத்தை ஏமாற்றுவதும் சுலபம்: சுலபமான வேலைகளை மட்டும் வாக்குக் கொடுத்தால் போதும், எண் 95ஐத் தொடும், கட்டடம் அப்படியே நிற்கும்.

இதைவிடப் பெரிய தடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. பலகையில் ஒட்டுத்தாள் ஒட்டி எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் தாமதத்தை ஒப்புக்கொண்டவர் அபராதம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் எவர் வாய் திறப்பார்? பிளம்பர் இரண்டு நாள் பிந்தினால் மொத்தத் திட்டத்துக்கு லாபம் என்றாலும், அந்த இரண்டு நாள் நட்டம் அவர் தலையில் மட்டும் விழுந்தால் அவர் ஏன் பிந்த வேண்டும்? சேர்ந்து வேலை செய்வதற்குப் பணமும் சேர்ந்து ஓட வேண்டும்.

வடகடலில் பிபி நிறுவனத்தின் ஆண்ட்ரூ எண்ணெய் வயல் இதற்கு முன்னோடி. வழக்கமான முறையில் போட்டால் கட்டுப்படியாகாது என்று கிடப்பில் கிடந்த வயல் அது. 1990களின் தொடக்கத்தில் பிபி ஏழு ஒப்பந்த நிறுவனங்களோடு ஒரு கூட்டணி ஒப்பந்தம் போட்டது. எல்லோரும் சேர்ந்து ஓர் இலக்குச் செலவை ஒப்புக்கொள்வது. மிச்சமானால் பங்கு, கூடினாலும் பங்கு. இலக்கு 37.3 கோடி பவுண்டு. முடிந்தபோது சுமார் 29 கோடி. 1996 ஜூனில், குறித்த காலத்துக்கு ஆறு மாதம் முன்பே எண்ணெய் வந்தது. இலக்கே கொஞ்சம் தாராளமாக வைக்கப்பட்டதோ என்ற சந்தேகம் நியாயமானது. ஆறு மாதத்தை அப்படி விளக்கிவிட முடியாது.

லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் இன்னும் பெரிய சோதனை. 1994 அக்டோபரில் ஹீத்ரோவுக்கு ரயில் பாதை தோண்டும்போது சுரங்கம் இடிந்து விழுந்தது. வழக்குக்குப் போவதற்குப் பதிலாக எல்லாத் தரப்பும் ஒரே அணியாக உட்கார்ந்து அதைச் சரிசெய்த அனுபவம் விமான நிலைய நிறுவனமான பிஏஏவுக்குப் பாடமானது. ஐந்தாம் முனையத்துக்கு அது எழுதிய ஒப்பந்தத்தில் அபாயம் முழுவதையும் தானே ஏற்றது. ஒப்பந்ததாரர்களுக்கு உண்மைச் செலவும் ஒப்புக்கொண்ட லாபமும் உறுதி. திட்டம் முழுவதற்கும் ஒரே காப்பீடு. பழியிலிருந்து தப்பக் கடிதம் எழுதிச் சேர்த்துவைக்கும் வேலை யாருக்கும் இல்லை. பிரம்மாண்டக் கூரையின் ஒரு பகுதியை முதலில் வட யார்க்‌ஷயரில் ஒரு வெட்டவெளியில் நிறுத்திப் பார்த்து, தவறுகளை அங்கேயே கண்டுபிடித்துவிட்டு ஹீத்ரோவுக்குக் கொண்டுவந்தார்கள். சொந்தப் பணத்தில் ஒத்திகை பார்க்க எந்த ஒப்பந்ததாரரும் சம்மதித்திருக்க மாட்டார். 430 கோடி பவுண்டு திட்டம், பல ஆண்டுகளுக்கு முன்பே குறித்த நாளில், 2008 மார்ச் 27 அன்று திறந்தது.

திறந்த அன்றே மானம் போனது. பெட்டிகள் சிக்கிக்கொண்டன, அடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பெட்டி தூக்கும் ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியும் ஒத்திகையும் இல்லை. கட்டுபவர்களுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு கைமாற்றத்தையும் கவனித்த திட்டம், கட்டியவரிடமிருந்து பயன்படுத்துபவருக்குப் போகும் கடைசிக் கைமாற்றத்தில் வழுக்கியது.

இதெல்லாம் புது ஞானம் என்றும் நினைக்க வேண்டாம். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930 மார்ச் 17இல் தொடங்கி 1931 மே 1இல் திறக்கப்பட்டது: 410 நாள், 102 மாடி. எஃகுச் சட்டகம் வாரத்துக்கு நாலரை மாடி ஏறியது. ஒவ்வொரு மாடியிலும் பொருள் நகர்த்தச் சின்ன இருப்புப்பாதை போட்டிருந்தார்கள். கட்டியவரும் வரைந்தவரும் தொடக்கத்திலிருந்தே ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கூலி மலிவு, ஆள் தாராளம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் பக்கம் பார்த்தால், இந்தச் சிந்தனைக்கு ‘லீன் கட்டுமானம்’ என்று பெயர்; அதற்கான சர்வதேசக் குழுவின் 26ஆவது ஆண்டு மாநாடு 2018 ஜூலையில் சென்னையில், ஐஐடி மெட்ராஸ் முன்னின்று நடந்தது. பெரிய நிறுவனங்கள் வாரத் திட்டப் பலகைகளை மெட்ரோ, அடுக்குமாடித் திட்டங்களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கின்றன. அரசு ஒப்பந்தங்கள்தான் இன்னும் ‘எல்-1’இல் நிற்கின்றன: குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. 2021 அக்டோபரில் மத்திய நிதியமைச்சகம் கட்டுமானப் பணிகளுக்கும் தரத்துக்கு 30 சதவீதம்வரை மதிப்பெண் கொடுத்துத் தேர்வு செய்யலாம் என்று அனுமதித்தது. நல்ல தொடக்கம். ஆனால் குறைந்த விலைக்கு எடுத்து, கூடுதல் வேலை பில்லில் லாபம் தேடும் ஒப்பந்தத்தின் மேல் எத்தனை ஒட்டுத்தாள் ஒட்டினாலும் அது அலங்காரம்தான். பலகை முதலில், ஒப்பந்தம் பிறகு என்று நம் நிறுவனங்கள் போகிற வரிசை தலைகீழானது என்பது என் கருத்து.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் மேஸ்திரி சொன்ன வேலைகளில் எத்தனை முடிந்தன, முடியாதவை ஏன், அடுத்த வாரம் எவை, அவற்றுக்கு என்னென்ன கையில் இருக்க வேண்டும் என்று அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். ‘முடியாது’ என்று அவர் சொன்னால் கோபப்படாதீர்கள். முதல் சில வாரங்கள் பாதி தேறினாலே அதிகம். முடியாததற்கான காரணங்களை நேர்மையாக எழுதினால், பணம் பிந்தியது, டைல்ஸ் முடிவாகவில்லை, ஜன்னல் இடம் மாறியது என்று அதில் கணிசமானவை உங்கள் பெயரில் இருக்கும். திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.